சுவரில் தொங்கிய கனம்

வத்தலக்குண்டு சாலையில் உள்ள எங்கள் குடியிருப்புக்கு இரண்டு தண்ணீர் உண்டு. ஒன்று, ஒருநாள் விட்டு ஒருநாள் சற்று நேரமே வந்து சமையலறையின் ஒற்றைக் குழாயோடு நின்றுவிடும் நல்ல தண்ணீர். மற்றது, பாறைக்கு அடியிலிருந்து மோட்டார் இழுத்துத் தருகிற, வாளியின் விளிம்பில் வெள்ளை வளையத்தையும் குழாயின் வாயில் நரைத்த தாடியையும் தலைமுடியில் சிக்கையும் துவைத்த துணியில் விறைப்பையும் விட்டுச்செல்கிற, ஒருநாளும் தீராத உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீரைக் குளியலறைக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதே எங்கள் சங்கம் போட்ட முதல் தீர்மானம். ஆகவே, பி பிளாக்கின் இரண்டாம் மாடியில் அமலோற்பவத்தின் வீட்டில் வாட்டர் ஹீட்டர் மாட்டப்பட்டபோது அதற்குள் போனது உப்புத் தண்ணீர்தான் என்பதையும், பிறகு நடந்தவற்றில் இந்த ஒரு விஷயத்தில் மட்டுமே எங்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அமலோற்பவம் பள்ளிச் சீருடை தைப்பவள். அவள் கணவர் சவரிமுத்து, கைகால் நன்றாக இருந்த நாளில், எங்கள் ஊரில் செய்யப்படும் இரும்புப் பெட்டிகளை வாங்கியவர்களின் வீடுகளுக்குக் கொண்டுபோய், ஆள் ஏறுவதற்கே தோளைத் திருப்ப வேண்டியிருக்கும் குறுகலான மாடிப்படிகளில் கயிறும் பலகையும் கொண்டு ஏற்றி வைப்பதைத் தொழிலாகக் கொண்டவர். பெட்டியின் கனத்தைவிடத் தன் கனம் சற்றே கூடுதல் என்று நம்பியதால்தான் அத்தனை பெட்டிகளும் தனக்குக் கீழ்ப்படிந்தன என்று சொல்லிக்கொள்பவர். பக்கவாதம் அவருடைய இடப்பக்கத்தைக் கொண்டுபோய்விட்டது, கனத்தைக் கொண்டுபோகவில்லை. அந்தக் கனத்தைப் புரட்டிப் படுக்க வைக்கவும், அடுப்பில் சுட வைத்த தண்ணீரைத் தூக்கி வந்து துடைத்துவிடவும், முதுகில் புண் வராமல் காக்கவும் அமலோற்பவம் ஒருத்தியே இருந்தாள். அவளுடைய முதுகெலும்பில் தட்டு விலகியிருப்பதாக மருத்துவர் படம் எடுத்துக் காட்டியிருந்தார். ஓசூரில் வேலை பார்க்கும் மகள் ஜெசிந்தா, அங்கே நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் தகப்பனுக்கு ஒரு படுக்கை கேட்டு வைத்திருந்தாள். கடைசி முயற்சியாக ஹீட்டரை வாங்கி அனுப்பியவளும் அவள்தான். "இத மாட்டியும் உன்னால முடியலைன்னா, கிறிஸ்மஸுக்கு முன்னாலயே அப்பாவ நான் கூட்டிட்டுப் போயிருவேன்மா. அப்பறம் நீ அழக்கூடாது," என்று போனில் சொல்லியிருந்தாள்.

மாட்ட வந்தவர் ரஜாக் என்ற மெக்கானிக். சுவரில் துளை போடுவதை மேற்பார்வையிடுவதற்காக, நேர் கீழ் வீட்டில் குடியிருப்பவரும் சங்கத்தின் செயலாளருமான தர்மலிங்கம் தாமாகவே மேலே வந்து நின்றார்.

"மெஷின் நல்ல மெஷின்க்கா," என்றார் ரஜாக், குழாயின் தாடியை நகத்தால் சுரண்டியபடி. "ஆனா உங்க தண்ணி இத உயிரோட விடாது."

"என்ன செஞ்சா விடும்?"

"நல்ல தண்ணி லைன்ல குடுத்தா விடும்."

"அது மட்டும் நடக்காது," என்றார் தர்மலிங்கம். "குடிக்கிற தண்ணில குளிச்சா அப்பறம் குளிக்கிற தண்ணியத்தான் குடிக்கணும்."

ரஜாக் தோளைக் குலுக்கிவிட்டு, செய்ய வேண்டியவற்றைச் சொல்லிக்கொண்டே போனார்: சூட்டைக் கூட்டக் கூட்ட உப்பு அதிகமாகப் படியும் என்பதால் முள்ளை நடுக்கோட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, தண்ணீர் உள்ளே நுழையும் இடத்தில் ஒரு வடிகட்டி போட வேண்டும், மாதம் ஒருமுறை அடிக்குழாயைத் திறந்து வண்டலை வெளியேற்ற வேண்டும், தொட்டிக்குள் மெக்னீசியத்தால் ஆன ஒரு கம்பி இருக்கிறது, தண்ணீர் முதலில் அதைத் தின்னும், அது தீர்ந்த பிறகுதான் தொட்டியைத் தின்னத் தொடங்கும், ஆகவே வருடம் ஒருமுறை அதைக் கழற்றிப் பார்த்து மாற்ற வேண்டும். அமலோற்பவம் துணிக்கு அளவு எடுப்பவளைப் போல ஒவ்வொன்றையும் மனத்தில் வாங்கிக்கொண்டாள்.

"இந்தச் சுவரு தாங்குமா தம்பி?"

"தண்ணியோட சேத்து ஒரு ஆள் கனம் வரும். நாலு போல்ட் போட்டிருக்கேன். ஆள் தொங்குனாலும் அசையாதுக்கா."

மறுநாள் காலை அவள் சவரிமுத்துவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டுபோய், வெந்நீரை மொண்டு மொண்டு ஊற்றிக் குளிப்பாட்டி, துடைத்து, கட்டிலுக்கு மாற்றுவதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு அக்குளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினாள். வெயிலில் காய்ந்த துணிமூட்டையைப் போல அவர் எழுந்து வந்தார். அவரைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் தூக்கிப் பார்த்தாள். பிறகு ஒரு கையில் அவரை ஏந்தியபடி, வெகுநாளாக முழுதாக மாற்ற முடியாமலிருந்த படுக்கை விரிப்பை மறு கையால் உருவி, உதறி, புதியதை விரித்து, நான்கு ஓரங்களையும் செருகினாள்.

"என்ன பண்ணுற?" என்றார் சவரிமுத்து, குழறும் நாக்கோடு.

"தூக்கிருக்கேன்."

"கூட யாரு?"

"யாருமில்ல. நாந்தான்."

அவர், வெளியூர் போய்த் திரும்பி வந்து, பெட்டி இருந்த இடம் வெறிச்சோடிக் கிடக்கக் கண்டவரைப் போல விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரத்தில் அமலோற்பவம் அவரை இடுப்பில் வைத்துக்கொண்டு பால்கனியில் வெயில் காட்டுவதை, தர்மலிங்கத்தின் மனைவி இந்திராணி வாசலில் கோலம் போட்டபடியே அண்ணாந்து பார்த்தாள்.

"என்னக்கா, அண்ணன் ரொம்ப மெலிஞ்சிட்டாகளோ?"

"மெலியல. வெந்நித் தண்ணி அவருக்குச் சேந்திருக்கு."

இந்திராணிக்கு முழங்கால் வலி உண்டு. மறுநாள் துண்டும் சோப்பும் எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். திரும்பும்போது இரண்டிரண்டு படியாக இறங்கினாள். அதற்கு அடுத்த நாள் தர்மலிங்கம் வந்தார். பிறகு யாரும் யாருக்கும் சொல்லாமலேயே பி பிளாக் முழுவதும், அதன்பின் ஏ பிளாக்கும், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்தது. மற்ற வீடுகளிலும் ஹீட்டர்கள் இருந்தன. அவற்றில் உப்பு படிந்தது, கம்பி கருகியது, அதற்கு மேல் எதுவும் நிகழவில்லை. இந்த ஒன்றில் மட்டும் ஏன் என்பதற்கு, மாட்டிய அன்று பங்குச் சாமியார் வந்து மந்திரித்ததுதான் என்று சிலரும், தண்ணீரிலுள்ள கல் உள்ளேயே தங்கிவிடுவதால் அதோடு நம் கனமும் தங்கிவிடுகிறது என்று சிலரும் சொன்னார்கள். இரண்டையும் கேட்டுவிட்டு எல்லோரும் குளிக்கப் போனோம். பெண்களுக்குக் காலை, ஆண்களுக்கு மாலை, ஆளுக்கு ஒரு வாளி, சோப்பு அவரவருடையது என்று சங்கம் தீர்மானம் போட்டது. சவரிமுத்துவின் குளியல் முடிந்த பிறகே மற்றவர்கள் என்பதை மட்டும் அமலோற்பவம் விட்டுக்கொடுக்கவில்லை.

தண்ணீர் பட்ட இடம் மட்டுமே இலேசாகும் என்பதும் சீக்கிரமே தெரிந்துபோயிற்று. சளி பிடித்திருந்ததால் வலக்கையை மட்டும் கழுவிக்கொண்டு பள்ளிக்குப் போன மூன்றாம் வகுப்புச் சிறுமியின் கை வகுப்பு முழுவதும் தானாக மேலெழும்பியபடியே இருக்க, ஆசிரியை கணக்குக்குக் கணக்கு அவளிடமே கேள்வி கேட்டார். தலைக்கு மட்டும் ஊற்றிக்கொண்ட ஒருவர் நாளெல்லாம் வானத்தைப் பார்த்தபடி நடந்தார். முழுதாகக் குளித்தவர்களோ தரையைத் தொட்டும் தொடாமலும் நடந்தோம். ஸ்கூட்டரில் போனால் காற்று பின்னால் இழுத்தது. மின்விசிறியை ஒன்றுக்கு மேல் வைக்க முடியவில்லை. எங்களைத் தரையில் நிறுத்துவதற்கான வழியை அமலோற்பவமே கண்டுபிடித்தாள். பழைய இரும்புக் கடையிலிருந்து சாவி தொலைந்த பூட்டுகளை வாங்கி வரச் சொல்லி, சேலை ஓரத்திலும் வேட்டி மடிப்பிலும் பைஜாமாவின் விளிம்பிலும் சிறு பைகள் தைத்து, ஆளுக்குத் தக்கபடி அவற்றைப் போட்டுத் தைத்துக் கொடுத்தாள். எங்கள் குடியிருப்பில் யார் நடந்தாலும் பூட்டுகள் ஒன்றோடொன்று இடிபடும் ஓசை கேட்டது.

"நீங்க மட்டும் ஏங்க்கா குளிக்க மாட்டேங்குறீக?" என்று இந்திராணி ஒருமுறை கேட்டாள்.

"தூக்குறவளுக்குக் காலு தரையில இருக்கணும்," என்றாள் அமலோற்பவம், நூலைப் பல்லால் கடித்தபடி.

எடை போனதும் வலி போயிற்று. வலியோடு அமைதியும் போயிற்று என்பதை நாங்கள் தாமதமாகவே உணர்ந்தோம். எங்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தவர் எழுந்தார், எழுந்தவர் சன்னலுக்குப் போனார், சன்னலுக்குப் போனவர் எதற்காக வந்தோம் என்று தெரியாமல் மாடிக்குப் போனார். மாடியில் ஏற்கெனவே பாதிப் பேர் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி, பேசத் தொடங்கிய பேச்சை முடிக்காமல், அங்குமிங்குமாக நடந்துகொண்டிருந்தார்கள். உண்ட சோறு வயிற்றில் தங்கியதாகத் தோன்றவில்லை, உறக்கம் இமையோடு நின்றது, கோபம்கூட முழுதாக வந்து இறங்காமல் பாதியிலேயே வேறொன்றாக மாறியது. எல்லோரிலும் மோசமாகத் தவித்தவர் சவரிமுத்துதான். சன்னல் காற்றுக்கு அசைந்துவிடாதிருக்க, அவரைப் பழைய சேலையால் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தாள் அமலோற்பவம். அவருடைய வலக்கை அந்த முடிச்சையே நாளெல்லாம் தடவிக்கொண்டிருந்தது.

"புண்ணெல்லாம் ஆறிருச்சு பாருங்க," என்பாள் அவள்.

"ஆறிருச்சு," என்பார் அவர். "ஆளு எங்க?"

இதற்கிடையில் ஹீட்டர் கனத்துக்கொண்டே வந்தது. ரஜாக் சொன்னபடி அவள் முள்ளை நடுக்கோட்டைத் தாண்ட விட்டதில்லை, வடிகட்டியைக் கழுவினாள், மாதம் பிறந்ததும் அடிக்குழாயைத் திறந்தாள். வண்டல் வரவில்லை, தெளிந்த நீரே வந்தது. வர வேண்டியது உள்ளேயே தங்கிக்கொண்டது. டிசம்பர் தொடக்கத்தில் போல்ட்டுகள் சுவரிலிருந்து ஒரு விரல் அகலம் வெளியே நீண்டிருந்தன. அவற்றின் கீழிருந்து ஒரு விரிசல் புறப்பட்டு, தரையைக் கடந்து, தர்மலிங்கத்தின் குளியலறைச் சுவரில் இறங்கியது. ரஜாக்கை வரவழைத்தார்கள். அவர் அடித்தட்டைச் சற்றே நெகிழ்த்ததும் வெண்கற்கள் சில சிதறி விழுந்தன. அதற்குமேல் திறக்க அவருக்குத் துணிவு வரவில்லை.

அந்தக் கற்களைப் பொறுக்கிக்கொண்டுபோன இந்திராணி, எங்கள் ஊர்ப் பெண்கள் எவரும் செய்திருக்கக்கூடிய ஒரு தவற்றைச் செய்தாள். வெள்ளைக் கல்லைப் பார்த்தால் வீணாக்க மனம் வராது என்பதாலும், மார்கழி பிறக்கப்போகிறது என்பதாலும், அவற்றை இடித்துச் சலித்துக் கோலமாவோடு கலந்து, மறுநாள் விடியலில் வாசலை அடைத்து ஒரு சிக்குக்கோலம் போட்டாள். முதலில் அதை மிதித்தவர், வெறுங்காலோடு வந்த பால்காரர் கருத்தப்பாண்டி. மிதித்த இடத்திலேயே நின்றுவிட்டார்.

"என்னண்ணே, பாலு?"

"காலு வரமாட்டேங்குதும்மா."

கருத்தப்பாண்டி எங்கள் தண்ணீரில் குளிக்காதவர். அவருடைய உள்ளங்காலில் ஒட்டிய மாவு தோலுக்குள் மறைந்து, யாருடைய கனமோ அவருக்குள் இறங்கியிருந்தது. இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. இழுத்தவர்கள்தாம் மேலே எழும்பினார்கள். அவருக்குப் பின்னால் வந்த தர்மலிங்கமும் கோலத்தை மிதிக்க, அவருடைய பாதங்கள் வெகுநாளைக்குப் பிறகு தொம்மென்று தரையில் பதிந்தன. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆ, வந்திருச்சு," என்று சொன்ன தொனியில், வலி திரும்பிய வருத்தத்தைவிட வேறு ஏதோ ஒன்று மிகுந்திருந்தது. மேலேயிருந்து ஒரு வாளி வெந்நீர் இறக்கிக் கால் கழுவிவிட்ட பிறகே கருத்தப்பாண்டியால் சைக்கிளை எடுக்க முடிந்தது.

அன்று மாலை மொட்டைமாடியில் கூட்டம் போட்டோம். இரண்டே வழிகள் இருப்பதாக ரஜாக் சொன்னார். அமிலம் ஊற்றினால் கல்லெல்லாம் கரைந்து சாக்கடையில் போய்விடும், ஹீட்டர் புதியது போலாகிவிடும். உளி வைத்துக் கல்லை உடைத்தெடுத்தால் கல் கிடைக்கும், ஆனால் உட்பூச்சு சிதைந்து தொட்டி பழைய இரும்புக்குத்தான் ஆகும். எதைச் செய்வதானாலும் முதலில் கீழே இறக்கியாக வேண்டும்.

"உளியே வைங்க," என்றார் தர்மலிங்கம். "முழங்காலு வலிச்சாலும் பரவால்ல. எனக்கு ஒக்காரணும்."

"ஆசிட் ஊத்துங்க," என்றாள் அமலோற்பவம். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். "ஒங்களுக்கெல்லாம் கனம் வந்தா முழங்காலுதான் வலிக்கும். அவருக்குக் கனம் வந்தா என்னால தூக்க முடியாது. தூக்க முடியலைன்னா பிள்ள வந்து கூட்டிட்டுப் போயிரும். சனிக்கிழம வருது."

பூட்டுகள் மட்டும் இடிபட்டன. அவளை மீறி உளி வைக்க எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. அமிலம் ஊற்றிவிட்டு ஆயுள் முழுவதும் இப்படித் தவித்துத் திரியவும் மனம் வரவில்லை. தவிரவும், இரும்புப் பெட்டிக்கு நிகராகக் கனத்துவிட்ட அந்தத் தொட்டியைச் சுவர் இடியாமல் இறக்கும் வித்தை தெரிந்தவர் எங்களுக்குள் ஒருவரே இருந்தார். கீழே இறங்கி அவரிடம் போனோம்.

சவரிமுத்து முழுவதையும் கேட்டார். பிறகு, "எறக்குற வழி சொல்றேன். உளி வைக்கிறதா இருந்தா," என்றார்.

"எல்லாரும் செத்த வெளிய இருங்க," என்றாள் அமலோற்பவம். நாங்கள் வெளியே போனோம், கதவு சாத்தவில்லை.

"ஒங்களுக்கு இங்க என்ன கொற?"

"கொறையில்ல."

"அப்பறம்?"

"என் கனத்தச் சாக்கடைல விட நீ யாரு?"

"தூக்குறவ."

தையல் இயந்திரத்தின் மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

"அமலி," என்றார் கடைசியில். "நீ தூக்கும்போதெல்லாம், யாரயோ தூக்குற மாதிரி இருக்கு. நான் பக்கத்துல நின்னு பாக்குற மாதிரி."

வெள்ளிக்கிழமை காலை அவரை நாற்காலியில் உட்கார வைத்துச் சேலையால் கட்டி, குளியலறை வாசலில் வைத்தோம். விட்டத்துக் கொக்கியில் கப்பி மாட்டி, தொட்டியைச் சுற்றிக் கயிறு போட்டு, மறுமுனையை எங்களில் பலசாலிகள் பிடித்தார்கள். போல்ட்டைத் தளர்த்தியதும் தொட்டி கால்வாசி இறங்க, பலசாலிகள் அத்தனை பேரும் கயிறோடு சேர்ந்து கூரைக்குப் போனார்கள். அவர்களைக் கீழே இழுத்து விட்டபோதுதான் எங்களுக்கு உறைத்தது: அந்தக் கயிற்றைப் பிடித்து நிற்கக்கூடிய கனம், ரஜாக்கையும் கருத்தப்பாண்டியையும் விட்டால், அமலோற்பவத்துக்கு மட்டுமே இருந்தது.

அவள் கயிற்றைப் பார்த்தாள், சவரிமுத்துவைப் பார்த்தாள். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மற்ற இருவருக்கும் பின்னால் போய்க் கடைசி ஆளாக நின்றாள்.

"கையால பிடிக்காத," என்றார் அவர். "இடுப்புல ஒரு சுத்து. ஒடம்பச் சாச்சுக்கோ. முதுகு வலிக்குதா?"

"ஒங்களுக்கென்ன அதப் பத்தி."

"வலிச்சா நிறுத்தச் சொல்லு. நிறுத்தலாம். பெட்டி ஓடிராது. இப்ப விடு... கொஞ்சம் விடு... அவ்வளவுதான். பாண்டி, நீ அவளுக்கு முன்னாடி பிடி, இழுக்காத. விடு அமலி."

இறங்க வேண்டாம் என்று தான் நினைத்த ஒன்றை, தன் இடுப்பைச் சுற்றிய கயிற்றால், சொன்ன அளவுக்கு மிகாமலும் குறையாமலும் அமலோற்பவம் இறக்கினாள். தொட்டி தரையைத் தொட்டபோது மூன்று மாடிகளிலும் பாத்திரங்கள் அதிர்ந்தன.

உளியால் உடைத்துக் குவித்த கல்லை முற்றத்தில் பங்கு வைத்தோம். எது யாருடையது என்று அறிய வழியில்லாததால் அவரவர் தத்தம் பழைய எடையைச் சொல்லிப் பெற்றுக்கொள்வது என்று ஏற்பாடாயிற்று. பெண்கள் சற்றுக் குறைத்தே சொன்னதால் கடைசியில் ஒரு பெரிய கட்டி உரிமை கோருவாரின்றி மிஞ்சியது. அதைச் சங்கத்தின் கொடிக்கம்பத்தடியில் புதைத்தோம். எத்தனை காற்றடித்தாலும் அந்தக் கம்பம் இன்றுவரை ஆடியதில்லை. மாலைக்குள் வாசலுக்கு வாசல் கோலம் விழுந்து, மனிதர்கள் ஒவ்வொருவராகத் தரையிறங்கும் ஓசை குடியிருப்பெங்கும் கேட்டது. தர்மலிங்கம் ஒரு நாற்காலியைப் போட்டு அதில் உட்கார்ந்து, இருட்டும் வரை எழவேயில்லை.

அமலோற்பவம் கணவருடைய பங்கைச் சாக்கில் கட்டி, ரஜாக்கைக் கொண்டு மேலே ஏற்றி, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இயந்திரத்தின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். வெட்டி வைத்த துணி இருந்தது, தைக்கவில்லை. சவரிமுத்து சாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமைக்கு ஓர் இரவே மீதி இருந்தது.

"குடு," என்றார்.

"குடுத்தா நாளைக்கு நீங்க இங்க இருக்க மாட்டீக."

"தெரியும்."

அவள் சாக்கை அவிழ்த்து ஒரு கல்லை எடுத்தாள். தட்டையாக, ஓரம் தேய்ந்து, துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியைப் போலவே அது அவள் விரல்களுக்குள் பொருந்தியது. பொருந்திய விரல்களில் கனம் லேசாக ஏறியது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு பள்ளிக்கூடச் சிறுமியின் மேலெழும்பிய ஒற்றைக் கை எதற்காகத் தன் நினைவுக்கு வந்தது என்று யோசித்துக்கொண்டே எழுந்து, கல் பிடித்த கைக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, கட்டிலருகே வந்து, சேலை முடிச்சை அவிழ்த்தாள். ஒரு கையால் அவரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, நெற்றியின் நடுவிலிருந்து மூக்கு, மோவாய், நெஞ்சு, தொப்புள் வழியாக, வெட்டுவதற்கு முன் துணியை மடித்து நடுக்கோடு போடுவதைப் போல ஒரே கோடாகக் கீழ் வரை இழுத்தாள்.

"என்ன பண்ணுற?"

"அளவு பாக்குறேன். ஆடாதீக."

கோட்டுக்கு வலப்புறம் மட்டும், தோளிலிருந்து உள்ளங்கால் வரை, கல்லை உரசிப் பூசத் தொடங்கினாள். பூசப் பூசப் பொடி தோலுக்குள் மறைந்தது. வலத்தோள் இறங்கியது, வலத்தொடை மெத்தையை அழுத்தியது, வலப்பாதம் கட்டிலைவிட்டு நழுவித் தரையைத் தேடிப் பதிந்தது. செத்துப்போன இடப்பக்கத்தை அவள் தொடவில்லை. அது காற்றில் தொங்கும் சட்டைக்கையைப் போல, எந்தப் பக்கமும் இழுக்காமல், யாருக்கும் பாரமில்லாமல் அவரோடு ஒட்டியிருந்தது.

"இப்ப எந்திரிங்க," என்றாள். அவள் கைகொடுக்கவில்லை. கைகொடுக்காமலிருப்பதற்காகவே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை பகலில் ஜெசிந்தா வண்டியை வாசலில் நிறுத்திவிட்டுப் படியேறியபோது, மேலிருந்து ஒரு சத்தம் கேட்டது: தொம்மென்று ஒன்று, பிறகு எதுவுமில்லை, மறுபடி தொம்மென்று ஒன்று. யார் வீட்டுக்கோ இரும்புப் பெட்டி ஏற்றுகிறார்கள் என்று நினைத்து, வழிவிடுவதற்காகச் சுவரோடு ஒதுங்கி நின்றாள். கதவைத் திறந்தது சவரிமுத்து.

"வாம்மா," என்றார். "யாரக் கூட்டிட்டுப் போக வந்த?"

ஜெசிந்தா இரண்டு நாள் தங்கினாள். புதிய ஹீட்டர் ஒன்று வாங்கி மாட்டிவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனாள். அதற்கு மட்டும் நல்ல தண்ணீர் கொடுக்கலாம் என்று சங்கம் தன் முதல் தீர்மானத்தைத் திருத்தியது. அதில் குளித்தால் சுடுகிறது, வேறொன்றும் ஆவதில்லை. சவரிமுத்து முதல் வாரம் மாடிப்படிவரை போனார், பிறகு வாசல்வரை, பிறகு கருத்தப்பாண்டியின் பால் கொட்டகைவரை. இப்போது காலையில் புறப்பட்டால் எந்தத் தெருவில் யார் வீட்டுப் படியில் எதை ஏற்ற வழி சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. வலக்கால் மண்ணை இடிக்கிறது, இடக்கால் அதன் பின்னால் நிழலைப் போல மிதந்து வருகிறது. உட்காரச் சொன்னால் உட்காருவதில்லை.

ஒருமுறை மட்டும் கேட்டார்: "மீதி எங்க?"

"ஒங்க பெட்டில."

அந்த வீட்டில், தொழில் செய்த நாளிலிருந்து வெறுமையாகவே கிடந்த சிறிய இரும்புப் பெட்டி ஒன்று உண்டு.

"சாவி?"

"எங்கிட்ட."

அவர் தலையாட்டினார். அத்தனை வீடுகளுக்கு அத்தனை பெட்டிகளைச் சுமந்தவர், ஒருநாளும் எந்தப் பெட்டியையும் திறக்கச் சொல்லிக் கேட்டவரில்லை.

பொழுது சாயும்போது அமலோற்பவம் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். இடுப்பில் சாவி, மடியில் யாருடைய சீருடையோ. சாலைப் பக்கமிருந்து அந்தத் தொம் கேட்கத் தொடங்கியதும் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்துகிறாள். ஓர் அடி விழுகிறது. அடுத்த அடிக்கு ஓசை கிடையாது. அந்த ஓசையில்லாத அடி தரையில் பட்டதா, அல்லது இன்றைக்கு மேலேயே எழும்பிவிட்டதா என்று, ஊசி துணிக்கு மேலே நிற்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறாள், அதற்கடுத்தது விழும் வரை.